உரைகல்லில் ஒரு கீறல்

சேலம் மாவட்டத்தில் கெங்கவல்லி, ஆத்தூர், தம்மம்பட்டிப் பக்கத்து மரவள்ளி விவசாயிக்குப் 'பாயிண்ட்' என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. கிழங்கை ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டுபோனால் எடையை மட்டும் பார்த்து விலை போடமாட்டார்கள். மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்றும் பார்ப்பார்கள். ஆனால் மாவுச்சத்தை எவரும் நேரே காண்பதில்லை. அதை அளக்க ஒரு சுற்றுவழி உண்டு. மாவு மிகுந்த கிழங்குக்கு அடர்த்தி அதிகம். ஆகவே தண்ணீரில் மூழ்கவிட்டு நிறுத்தால் அது சற்றுக் கூடுதல் எடை காட்டும். அந்த எடையைக் கொண்டு மாவுச்சத்தை ஊகிக்கலாம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இத்தனை எடை காட்டினால் இத்தனை மாவு என்று தராசுக்கு யார் சொன்னது? மாவு எவ்வளவு என்று முன்னமே தெரிந்த கிழங்குகளை யாரோ ஒருவர் அதே முறையில் நிறுத்துப் பார்த்து, ஓர் அட்டவணை வகுத்திருக்கவேண்டும். அந்த அட்டவணை தவறினால் தராசு எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை. கருவி காட்டும் எண்ணுக்கும் உண்மைப் பொருளுக்கும் உள்ள உறவை இவ்வாறு நிறுவுவதைத்தான் அறிவியலில் அளவுதிருத்தம் என்கிறோம்.

கிழங்கு விஷயத்தில் சந்தேகம் வந்தால் இன்னொரு கிழங்கை எடுத்து அரைத்துப் பார்த்துவிடலாம். பூமிக்கு 350 கிலோமீட்டர் மேலே, எங்கிருந்தோ வந்து ஒரு தகட்டைத் துளைத்துச் செல்லும் அணுக்கருவை என்ன செய்வது? அது ஆக்சிஜனா, கார்பனா என்று யாரைக் கேட்பது? 1985ஆம் ஆண்டில் இந்திய விஞ்ஞானிகள் இதற்குக் கண்ட விடையைத்தான் இங்கே காணப்போகிறோம்.

வானத்திலிருந்து ஓயாமல் துகள்கள் பொழிகின்றன என்ற செய்தி நூறாண்டுக்கு மேற்பட்டது. ஆஸ்திரிய நாட்டு விக்டர் ஹெஸ் 1912 ஆகஸ்டில் பலூனில் ஏறி 5 கிலோமீட்டருக்கு மேல் சென்றார். மேலே போகப்போகக் காற்றை அயனியாக்கும் கதிர்வீச்சு குறையாமல் கூடக் கண்டார். இவையே அண்டக் கதிர்கள். கதிர் என்று பெயர் நிலைத்துவிட்டதே தவிர, இவை ஒளியைப் போன்றவை அல்ல. மின்னேற்றம் கொண்ட துகள்கள். பெரும்பாலானவை புரோட்டான்கள். 1948இல் அமெரிக்கப் பலூன்களில் ஏற்றி அனுப்பிய ஒளிப்படக் குழம்புத் தகடுகளில் கனமான அணுக்கருக்களின் தடங்களும் தென்பட்டன. அவற்றைக் கண்டவர்களுள் ஒருவரான பெர்னார்ட் பீட்டர்ஸ் 1950களின் தொடக்கத்தில் பம்பாய்க்கு வந்து, ஹோமி பாபா நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினார். தடங்களைத் தகட்டில் பதியவைத்து, நுண்ணோக்கியில் பொறுமையாகத் தேடி அளக்கும் கலை அந்த நிறுவனத்தில் அப்போதே வேரூன்றிவிட்டது.

1970களின் தொடக்கத்தில் விண்கலங்கள் ஒரு புதிரைக் கொண்டுவந்தன. ஆற்றல் குறைந்த அண்டக் கதிர்களில் ஹீலியம், நைட்ரஜன், ஆக்சிஜன், நியான் ஆகியவை எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்தன. கார்பன் மட்டும் அவ்வாறு மிகவில்லை. ஆக்சிஜனும் கார்பனும் அண்டத்தில் எங்கும் சேர்ந்தே காணப்படுபவை. ஒன்று மிகுந்து மற்றொன்று மிகாமல் இருப்பானேன்?

1974இல் ஃபிஸ்க், கோஸ்லாவ்ஸ்கி, ராமாட்டி ஆகிய மூவர் ஒரு விளக்கம் தந்தனர். விண்மீன்களுக்கு இடையிலுள்ள மெல்லிய வாயுவில் மின்னேற்றம் இல்லாத அணுக்களும் உள்ளன. மின்னேற்றம் இல்லாததால் சூரியனின் காந்தப்புலம் அவற்றைத் தடுப்பதில்லை. அவை சூரிய மண்டலத்துக்குள் நுழைந்துவிடுகின்றன. உள்ளே வந்தபின் சூரிய ஒளியாலும் சூரியக் காற்றாலும் ஓர் எலக்ட்ரானை இழக்கின்றன. பிறகு எங்கோ வெளிப்புறத்தில் முடுக்கம் பெற்று, வேகத்தோடு நம்மை நோக்கி வருகின்றன. கார்பன் அணுவோ ஓர் எலக்ட்ரானை எளிதில் விட்டுவிடும் இயல்புடையது. விண்மீன் இடைவெளியிலேயே அது மின்னேற்றம் பெற்றுவிடுவதால், வாசலிலேயே தடுக்கப்படுகிறது.

அழகான விளக்கம்தான். ஆனால் இது மெய்யானால், அந்த ஆக்சிஜன் தன் 8 எலக்ட்ரான்களில் ஒன்றை மட்டுமே இழந்திருக்கவேண்டும். வழக்கமான அண்டக் கதிர் ஆக்சிஜனோ நெடுந்தொலைவு பயணம் செய்து எட்டையும் இழந்து வருவது. ஆக, ஒன்றா எட்டா என்பதுதான் வழக்கு. இதைத் தீர்க்க இரண்டு செய்திகள் தெரியவேண்டும். வந்தது எந்தத் தனிமம், எந்த வேகத்தில் வந்தது என்பது முதலாவது. அது எத்தனை எலக்ட்ரான்களை இழந்திருந்தது என்பது இரண்டாவது.

பம்பாய் டாட்டா நிறுவனத்தின் சுகுமார் பிஸ்வாஸ், துர்காபிரசாத் முதலியோரும், அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்தவர்களும் 1973இல் ஸ்கைலாப் விண்நிலையத்தில் வைக்கப்பட்ட பிளாஸ்டிக் தகடுகளை ஆராய்ந்திருந்தனர். பூமியின் காந்தப்புலத்தைத் தாண்டி அங்கே வந்திருக்கக் கூடாத அளவு ஆற்றல் குறைந்த கனமான அணுக்கருக்கள் அத்தகடுகளில் தென்பட்டன. இதிலிருந்து பிறந்ததே 'அனுராதா' என்ற கருவி. நாம் அனுஷம் என்று சொல்லும் நட்சத்திரத்துக்கு வடமொழியில் உள்ள பெயர் அது. இஸ்ரோவின் துணையோடு இந்தியாவில் உருவாகி, அமெரிக்காவின் ஸ்பேஸ்லாப்-3 பயணத்துக்குத் தேர்வு பெற்றது.

கருவியின் உள்ளே இருந்தவை சி.ஆர்.-39 என்ற பிளாஸ்டிக் தகடுகள். பெயர் புதிராக இருந்தாலும் பொருள் நமக்குப் பழக்கமானதே. மூக்குக்கண்ணாடிக்கு வில்லை செய்யும் பிளாஸ்டிக்தான். அது துகள்களின் தடத்தைப் பதிவுசெய்யும் என்று கார்ட்ரைட், ஷிர்க், பிரைஸ் ஆகியோர் 1978இல் அறிவித்தனர். அதற்கு முன் பயன்பட்ட பிளாஸ்டிக்குகளைவிட இது கூரிய உணர்ச்சி உடையது.

தடம் எவ்வாறு விழுகிறது? வேகமாகப் பாயும் அணுக்கரு தன் வழியிலுள்ள பிளாஸ்டிக் மூலக்கூறுகளின் பிணைப்புகளை அறுத்துக்கொண்டு போகிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தகட்டைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் பல மணிநேரம் ஊறவிட்டால், சேதமடைந்த வழியைக் கரைசல் விரைவாக அரிக்கும். மற்ற இடங்களை மெதுவாக அரிக்கும். கூம்பு போன்ற ஒரு குழி பிறக்கும். கறையான் வீட்டுச் சட்டத்தின் உளுத்த பாகத்தை முதலில் தின்பது போல. சேதம் மிகுதியானால் கூம்பும் நீளும். கூம்பின் நீளத்தை நுண்ணோக்கியில் அளந்தால் சேதத்தின் அளவு கிடைக்கும்.

ஆனால் சேதத்தின் அளவு என்பது தனிமத்தின் பெயர் ஆகிவிடாது. மரவள்ளித் தராசில் கண்ட அதே சிக்கல்தான் இங்கும். ஒரே வேகத்தில் செல்லும் அணுக்கருக்களை ஒப்பிட்டால், சேதம் அணு எண்ணின் இருமடியைப் பொறுத்திருக்கும். கார்பனுக்கு 36, நைட்ரஜனுக்கு 49, ஆக்சிஜனுக்கு 64 என்ற விகிதம். இவ்வளவு இடைவெளி இருந்தால் பிரித்தறிவது எளிது என்று தோன்றும். அவசரப்படவேண்டாம். வேகம் குறையக் குறையச் சேதம் கூடும். சற்று மெதுவாகச் செல்லும் கார்பனும் சற்று விரைவாகச் செல்லும் ஆக்சிஜனும் ஒரே அளவான கூம்பைத் தரக்கூடும். ஆகவே தகடுகளை அடுக்காக வைத்து, ஒரே துகள் ஒவ்வொரு தகட்டிலும் விட்ட கூம்பை அளந்து, அது நின்றுபோன இடம் வரை பின்தொடர்கிறார்கள். நிற்பதற்கு இவ்வளவு தூரம் முன்பாக இவ்வளவு சேதம் என்ற இரண்டு எண்களும் சேர்ந்தால்தான் அது இன்ன தனிமம் என்று சொல்லமுடியும்.

அதற்கும் ஓர் அட்டவணை வேண்டும். கணக்குப் போட்டு எழுதிவிட முடியாதா? துகள் எவ்வளவு ஆற்றலை இழக்கிறது என்பதற்குச் சூத்திரம் உண்டு. ஆனால் அந்த ஆற்றலில் எவ்வளவு பங்கு கரைசல் அரிக்கத்தக்க சேதமாக மாறுகிறது என்பது பிளாஸ்டிக்கின் குணம். ஒரு வார்ப்பில் வந்த தகடுபோல் இன்னொரு வார்ப்பில் வந்த தகடு இராது. துகள் பாயும்போது தகட்டின் வெப்பநிலை என்ன, சுற்றிலும் காற்று இருந்ததா வெற்றிடமா என்பவற்றைப் பொறுத்தும் மாறும். ஏட்டுக் கணக்கு இங்கே பாதி வழிதான் வரும்.

பொற்கொல்லர் என்ன செய்கிறார்? நகையை உரைகல்லில் தேய்த்து ஒரு கீறல் போடுகிறார். அந்தக் கீறலை மட்டும் பார்த்து மாற்று சொல்லிவிடுவதில்லை. மாற்றுத் தெரிந்த பொன்னைப் பக்கத்திலேயே தேய்த்து, இரண்டையும் ஒப்பிடுகிறார். அதே கல், அதே கை, அதே வெளிச்சம். பிளாஸ்டிக் தகட்டுக்கும் அப்படிப்பட்ட மாற்றறிந்த பொன் வேண்டும். இன்ன தனிமம், இன்ன ஆற்றல் என்று ஐயமின்றித் தெரிந்த துகள்கள் வேண்டும். அவற்றைத் தரவல்லது துகள் முடுக்கி ஒன்றே.

முடுக்கியில், வேண்டிய தனிமத்தின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை உரித்து, மின்புலத்தால் வேகம் ஊட்டி, கற்றையாக வெளியே விடுகிறார்கள். அனுராதா பிடிக்க நினைத்த துகள்களின் ஆற்றல், அணுக்கருவிலுள்ள துகள் ஒன்றுக்கு 5 முதல் 100 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வரை. இந்த அளவை எட்டும் கனமான அயனிகள் அந்நாளில் உலகில் சில இடங்களில்தான் கிடைத்தன. அமெரிக்காவில் பெர்க்லி, மேற்கு ஜெர்மனியில் டார்ம்ஷ்டாட், சோவியத் நாட்டில் துப்னா ஆகியவை பிளாஸ்டிக் தகட்டு ஆராய்ச்சியாளர்கள் நாடிச்சென்ற ஊர்கள். பெர்க்லியில் 1974இல் இரண்டு முடுக்கிகளை இணைத்துப் பேவலாக் என்ற இயந்திரத்தை அமைத்திருந்தனர். 1993இல் அது மூடப்படும் வரை, விண்வெளிக்குச் சென்ற துகள் கருவிகள் பலவற்றுக்கு அதுவே உரைகல்.

பெர்க்லியைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1969இல் அப்போலோ-11 பயணத்தின்போது, இருளில் ஒளிப்பொறிகள் பளிச்சிட்டதாக ஆல்டிரின் கூறினார். அண்டக் கதிர் விழித்திரையைத் துளைப்பதால் இவ்வாறு தோன்றுகிறதா என்று அறிய, அங்கிருந்த விஞ்ஞானிகள் சிலர் முடுக்கிக் கற்றையின் எதிரில் தங்கள் தலையையே வைத்துப் பார்த்தார்கள். பொறிகள் தெரிந்தன. மனிதக் கண்ணுக்கே அளவுதிருத்தம் செய்துவிட்டார்கள் என்று சொல்லலாம். இன்று இதற்கு எவரும் அனுமதி தரமாட்டார்கள்.

இது நிற்க. தகட்டைக் கற்றையில் காட்டுவது கேட்பதற்கு எளிது. செய்வதில் நுணுக்கங்கள் உண்டு. முடுக்கிக்காரர்கள் பொதுவாகத் துகள்களை வாரி இறைக்கவே விரும்புவார்கள். விநாடிக்குக் கோடிக்கணக்கில் வந்தால்தான் அவர்களுடைய மற்ற சோதனைகள் நடக்கும். தகட்டுக்காரர்களுக்கோ அது வெள்ளம். ஒரு சதுர சென்டிமீட்டரில் சில ஆயிரம் தடங்களுக்கு மேல் விழுந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எதையும் அளக்கமுடியாது. ஆகவே கற்றையை மெலியவைத்துப் பரப்பவேண்டும். ஆற்றலை மாற்றிப் பார்க்க, அறிந்த தடிமன் கொண்ட அலுமினியத் தகடுகளைக் குறுக்கே வைப்பார்கள். அவற்றைத் துளைத்து வருவதற்குள் அயனியின் வேகம் கணக்கிட்ட அளவுக்குக் குறைந்துவிடும். பிறகு விண்ணுக்குப் போகும் தகட்டின் அதே வார்ப்பில் வந்த உடன்பிறப்புத் தகட்டை, அதே கரைசலில், அதே சூட்டில், அதே நேரம் ஊறவைத்து அளக்கவேண்டும்.

அப்போது இந்தியாவில் முடுக்கி இல்லாமல் இல்லை. கல்கத்தாவின் சைக்ளோட்ரான் 1977 ஜூனில் முதல் கற்றையைத் தந்தது. ஆனால் அது ஹீலியம் போன்ற இலேசான அயனிகளுக்கானது. பம்பாயில் 14 மில்லியன் வோல்ட் பெலட்ரான் 1988 டிசம்பரில்தான் வந்தது. டில்லியின் 15 மில்லியன் வோல்ட் பெலட்ரான் 1991இல் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. இவற்றிலும் ஆக்சிஜன் அயனிக்குத் துகள் ஒன்றுக்கு 10 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டைக்கூட ஊட்டமுடியாது. கருவியை நாமே கட்டினோம். ஆனால் அதற்கு வேண்டிய உரைகல் பிறர் வீட்டில் இருந்தது. அந்தத் தலைமுறை ஆய்வாளர்கள் இதைப் பெரிய குறையாகக் கருதியதாகத் தெரியவில்லை. பொற்கொல்லர்கூடக் கல்லைத் தாமே வார்ப்பதில்லையே.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். முடுக்கியின் துணையால் தனிமமும் ஆற்றலும் தெரிந்துவிடும். ஆனால் அது எத்தனை எலக்ட்ரான்களை இழந்திருந்தது என்பது தெரியாது. ஏனெனில் பிளாஸ்டிக்கில் நுழைந்த கணமே, மிச்சமிருந்த எலக்ட்ரான்களில் பெரும்பகுதி உரிந்துபோய்விடும். ஒன்றை இழந்து வந்த ஆக்சிஜனும் எட்டையும் இழந்து வந்த ஆக்சிஜனும் தகட்டில் ஒரே தடத்தைத்தான் விடும். இங்கே அவர்கள் கையாண்ட கருவி பூமியேதான்.

நம் கெங்கவல்லியின் வானத்தையே எடுத்துக்கொள்வோம். பூமி ஒரு பெரிய காந்தம். அதன் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனைக்கு அருகே செல்கிறது. தும்பாவில் ஏவுதளம் அமைந்ததும் அதனால்தான். இப்பகுதியில் காந்தக் கோடுகள் தரைக்கு ஏறக்குறைய இணையாகக் கிடப்பதால், மேலிருந்து வரும் துகள் அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரவேண்டும். பலவீனமான துகள்கள் வளைந்து திரும்பிவிடும். வளையாமல் எதிர்த்து நிற்கும் தன்மையைக் காந்த விறைப்பு என்போம். உந்தத்தை மின்னேற்றத்தால் வகுத்தால் வருவது அது. கெங்கவல்லிக்கு மேலே செங்குத்தாக வர ஏறக்குறைய 17,000 மில்லியன் வோல்ட் விறைப்பு வேண்டும். உலகிலேயே மிக உயரமான வேலி நம் தலைக்குமேல் இருக்கிறது. துருவங்களை நோக்கிப் போகப்போக வேலி தாழ்ந்து, துருவத்தருகே இல்லை என்றே ஆகிவிடும்.

துகள் ஒன்றுக்கு 20 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஆக்சிஜனைப் பாருங்கள். எட்டு எலக்ட்ரான்களும் போயிருந்தால் அதன் விறைப்பு ஏறக்குறைய 400 மில்லியன் வோல்ட். ஒன்று மட்டும் போயிருந்தால் அதைப்போல் எட்டு மடங்கு, அதாவது 3,100 மில்லியன் வோல்ட். கெங்கவல்லி வேலியை இரண்டுமே தாண்டா. முதலாவது துருவத்தை ஒட்டிய பகுதியில்தான் உள்ளே வரமுடியும். இரண்டாவது நடுத்தர அகலாங்குகளிலேயே நுழைந்துவிடும். ஆகவே தகட்டில் ஓர் ஆக்சிஜன் தடம் விழுந்தால், அது விழுந்தபோது விண்கலம் எந்த இடத்துக்கு மேலே இருந்தது என்பது தெரிந்தால் போதும். எட்டும் போனது நுழையவே முடியாத இடத்தில் ஓர் ஆக்சிஜன் அகப்பட்டால், அது எலக்ட்ரான்களோடு வந்ததுதான்.

இடம் தெரிய நேரம் தெரியவேண்டும். ஆனால் பிளாஸ்டிக்கில் கடிகாரம் ஏது? அனுராதாவின் மிக அழகான பகுதி என்று நான் கருதுவது இதைத்தான். பீப்பாய் வடிவமான அக்கருவியில் மேலடுக்கு அசையாமல் இருந்தது. கீழடுக்கு பத்து விநாடிக்கு ஒருமுறை மிகச் சிறிய கோணம் சுழன்றது. துகள் இரண்டையும் ஒரே கோட்டில் துளைக்கும். பூமிக்கு வந்தபின் அடுக்குகளைத் தொடக்க நிலையில் பொருத்திப் பார்த்தால், மேல் தடமும் கீழ்த் தடமும் ஒன்றோடொன்று சேராமல் விலகி நிற்கும். எவ்வளவு கோணம் விலகியிருக்கிறதோ, அதுவே நேரம்.

1985 ஏப்ரல் 29 அன்று சேலஞ்சர் விண்ணோடம் ஏழு மனிதர்கள், இரண்டு குரங்குகள், 24 எலிகளுடன் ஸ்பேஸ்லாப்-3ஐச் சுமந்து புறப்பட்டது. அனுராதாவும் அதில் இருந்தது. பூமி நடுக்கோட்டுக்கு 57 பாகைச் சாய்வான பாதை. ஆகவே உயரமான வேலியையும் தாழ்ந்த வேலியையும் ஒவ்வொரு சுற்றிலும் மாறிமாறிக் கடந்தது. மே 6 அன்று திரும்பியது. ஒன்பது மாதம் கூட ஆகவில்லை; 1986 ஜனவரி 28 அன்று அதே சேலஞ்சர் ஏழு பேருடன் வெடித்துச் சிதறியது.

தகடுகள் இந்தியா வந்தன. அதன்பின் ஆண்டுக்கணக்கில் நுண்ணோக்கி வேலை. முடிவுகள் 1980களின் பிற்பகுதியிலிருந்து வெளிவந்தன. அளவுக்கு மிஞ்சிக் காணப்பட்ட அந்த ஆக்சிஜன் ஓர் எலக்ட்ரானை மட்டும் இழந்த நிலைக்குப் பொருந்தியது. அதே காலத்தில் சோவியத் காஸ்மாஸ் துணைக்கோள்களில் வைத்த தகடுகளும் அதையே காட்டின. 1992இல் ஏவிய சாம்பெக்ஸ் துணைக்கோள் இதனை உறுதிசெய்தது. ஆற்றல் கூடினால் ஒன்றுக்கு மேற்பட்ட எலக்ட்ரான்களை இழந்தவையும் உண்டு என்று ஒரு திருத்தமும் சேர்த்தது.

அனுராதா இன்னொரு வியப்பையும் தந்தது. முற்றிலும் உரிந்து வரவேண்டிய இரும்பு, அதற்குச் சற்றுக் கீழான தனிமங்கள் ஆகியவற்றிலும் எலக்ட்ரான்களோடு வந்தவை இருந்தன. எதிர்பாராத இத்தகைய முடிவு வரும்போதுதான் அட்டவணையின் மதிப்பு தெரியும். இது உண்மையில் இரும்புதானா, ஆற்றலைத் தவறாகக் கணித்துவிட்டீர்களா என்பதே எவரும் கேட்கக்கூடிய முதல் கேள்வி. அதற்குத் தகட்டில் விடை இல்லை. முடுக்கியில் காட்டி எடுத்துவைத்த உடன்பிறப்புத் தகடுகளில்தான் உண்டு.

இந்தக் குழுவிலிருந்த ஜே. என். கோஸ்வாமி பின்னாளில் சந்திரயான்-1 திட்டத்தின் முதன்மை விஞ்ஞானியானார். அதே அகமதாபாத் ஆராய்ச்சிக்கூடம், 2023 செப்டம்பர் 2 அன்று ஏவிய ஆதித்யா-எல்1 கலத்துக்குச் சூரியக் காற்றையும் வேகமான அயனிகளையும் அளக்கும் ஆஸ்பெக்ஸ் கருவியைக் கட்டித் தந்தது. பிளாஸ்டிக் தகடு போய் மின்னணுக் கருவி வந்துவிட்டது. தடத்தை அரிக்கவேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம். எண்கள் உடனுக்குடன் பூமிக்கு வருகின்றன. ஆனால் ஒரு வசதி குறைந்துவிட்டது. அனுராதா வீடு திரும்பியது. ஐயம் எழுந்தால் அதே தகட்டை எடுத்து மறுபடி உரசிப் பார்க்கலாம். ஆதித்யா இருப்பதோ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில். ஏவுவதற்கு முன் ஆய்வுக்கூடத்தில் எழுதிய அட்டவணையைத்தான் அது கையோடு கொண்டுபோயிருக்கிறது.